பெயரெச்சத்திலிருந்து ‘ஹூ’, ‘விச்’ வரை: நீளமான ஆங்கில வாக்கியங்களுக்கு ஒரு பயிற்சி வழி

‘கதவருகே நிற்கும் பையன் என் தம்பி.’ இதை ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னால், புதிதாகக் கற்பவர்கள் பெரும்பாலும் இரண்டாக உடைத்துவிடுவார்கள். ‘எ பாய் இஸ் ஸ்டாண்டிங் நியர் த டோர். ஹி இஸ் மை பிரதர்.’ தப்பில்லை, கேட்பவருக்குப் புரியும். ஆனால் பேச்சு முழுக்க இப்படித் துண்டு துண்டாகவே போனால், எது முக்கியம், எது அடையாளத்துக்காகச் சொன்னது என்று கேட்பவர்தான் கோத்துக்கொள்ள வேண்டியிருக்கும். கொஞ்ச நேரத்தில் அவருக்கு அலுத்துவிடும்.

இந்தத் துண்டுகளைக் கோக்கத்தான் ரிலேட்டிவ் கிளாஸ், நவுன் கிளாஸ், ரிப்போர்ட்டட் ஸ்பீச் என்ற மூன்றும் இருக்கின்றன. பெயரைக் கேட்டதும் பலர் ஒதுங்கிப் போகிறார்கள். ஒதுங்கத் தேவையே இல்லை. ‘வந்த பையன்’, ‘அவர் சொன்னது’, ‘வருவதாகச் சொன்னார்’ என்று நாள் முழுக்க இந்த மூன்றையும் தமிழில் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம். ஆங்கிலத்தில் திசை மட்டும் மாறுகிறது. அந்தத் திசையைப் பழகுவதுதான் இங்கே வேலை.

ஒன்று சொல்லிவிடுகிறேன். வாயில் சொல்லிப் பார்க்க வசதியாக எடுத்துக்காட்டுகளைத் தமிழ் எழுத்திலேயே கொடுத்திருக்கிறேன். நீங்கள் நோட்டில் எழுதும்போது ஆங்கில எழுத்தில் எழுதுங்கள். எழுத்துக்கூட்டலும் சேர்ந்து பழகிவிடும்.

படி 1: பெயரை முதலில் சொல்லி நிறுத்துங்கள்

தமிழில் அடையாளம் எல்லாம் முன்னால் வரும், பெயர் கடைசியில் வரும். ஆங்கிலத்தில் பெயர் முதலில், அடையாளம் பின்னால். ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொண்டு மெதுவாகச் செய்து பார்க்கலாம்.

‘ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருக்கும் பெண் என் தங்கை.’

முதலில் ‘பெண்’ என்ற சொல்லில் விரலை வையுங்கள். ‘த கேர்ள்’ என்று சொல்லி நிறுத்துங்கள். உண்மையிலேயே ஒரு நொடி நிறுத்துங்கள். மனதுக்குள் ‘எந்தப் பெண்?’ என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு வரும் பதில்தான் ரிலேட்டிவ் கிளாஸ்: ‘ஹூ இஸ் சிட்டிங் பை த விண்டோ’. இப்போது விட்ட இடத்துக்குத் திரும்பி வாருங்கள்: ‘இஸ் மை சிஸ்டர்’. முழுசாகச் சொன்னால், ‘த கேர்ள் ஹூ இஸ் சிட்டிங் பை த விண்டோ இஸ் மை சிஸ்டர்.’

இந்தத் ‘திரும்பி வருவது’தான் பலரும் தடுமாறும் இடம். ஒரு வினைச்சொல்லைச் சொல்லிவிட்டதால் வாக்கியம் முடிந்துவிட்டதுபோல் தோன்றும். தமிழில் ‘உட்கார்ந்திருக்கும்’ போன்ற பெயரெச்சம் முழு வினை இல்லை, அதனால் நமக்கு இந்தக் குழப்பம் வருவதில்லை. ஆங்கிலத்திலோ உள்ளே ஒரு முழு வினை, வெளியே ஒரு முழு வினை. எனவே சொல்லி முடித்ததும் வினைகளை எண்ணுங்கள். மேலே உள்ளதில் ‘இஸ் சிட்டிங்’ ஒன்று, ‘இஸ்’ ஒன்று. ஒன்றுதான் தேறுகிறது என்றால் வாக்கியம் பாதியில் நிற்கிறது என்று பொருள்.

ஆளுக்கு ‘ஹூ’, பொருளுக்கு ‘விச்’, இரண்டுக்கும் பொதுவாக ‘தட்’. ‘ஹூம்’ எழுத்தில் வரும், பேச்சில் அபூர்வம். ‘யாருடைய’ என்று வந்தால் ‘ஹூஸ்’. தொடக்கத்துக்கு இவ்வளவு போதும்.

படி 2: ஆறு பெயர்கள், ஒரு வினை

எனக்கு மிகவும் பிடித்த பயிற்சி இதுதான். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூல், பெயரெச்சம் ஆறு வகைப் பெயர்களைக் கொண்டு முடியும் என்கிறது: செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செயப்படுபொருள். தமிழ் இலக்கணமாகப் படித்த இந்த ஆறும் ஆங்கில ரிலேட்டிவ் கிளாஸுக்கு அப்படியே ஒரு பயிற்சித் தாளாகிவிடும்.

‘எழுதிய’ என்ற ஒரே எச்சத்தை எடுத்துக்கொள்வோம். எழுதிய பெண், எழுதிய பேனா, எழுதிய அறை, எழுதிய விதம், எழுதிய நாள், எழுதிய கடிதம். (செயலுக்கு இங்கே ‘விதம்’ வைத்துக்கொண்டேன், பேச்சில் அதுதான் அதிகம் வருகிறது.) ஆறிலும் தமிழ் ‘எழுதிய’ மாறவே இல்லை. பெண் எழுதினாள், பேனாவால் எழுதினாள், அறையில் எழுதினாள் என்ற உறவையெல்லாம் கேட்பவரே புரிந்துகொள்கிறார். ஆங்கிலம் அந்த உறவை வெளிப்படையாகக் கேட்கும்.

எழுதிய பெண்: ‘த வுமன் ஹூ ரோட்’.
எழுதிய பேனா: ‘த பென் ஷி ரோட் வித்’.
எழுதிய அறை: ‘த ரூம் ஷி ரோட் இன்’, அல்லது ‘த ரூம் வேர் ஷி ரோட்’.
எழுதிய விதம்: ‘த வே ஷி ரோட்’.
எழுதிய நாள்: ‘த டே ஷி ரோட்’.
எழுதிய கடிதம்: ‘த லெட்டர் ஷி ரோட்’.

பேனாவையும் அறையையும் பாருங்கள். கடைசியில் ஒரு ‘வித்’, ஒரு ‘இன்’. நம்மில் பெரும்பாலோர் விட்டுவிடுவது இதைத்தான். ‘நான் தங்கிய வீடு’ என்பதை ‘த ஹவுஸ் ஐ ஸ்டேய்ட்’ என்று முடித்துவிடுகிறோம். தமிழ் காதுக்கு அது நிறைவாகத் தெரியும், ஆங்கிலக் காதுக்கு ஏதோ விழுந்துவிட்டதுபோல் இருக்கும். ‘த ஹவுஸ் ஐ ஸ்டேய்ட் இன்’ என்பதே சரி.

அந்தச் சின்னச் சொல் எது என்று கண்டுபிடிக்க, முதலில் சாதாரண வாக்கியமாகச் சொல்லுங்கள்: ‘ஷி ரோட் வித் த பென்.’ இதிலிருந்து ‘த பென்’ என்பதை மட்டும் உருவி முன்னால் வையுங்கள். மிச்சம் இருப்பதைத் தொடாதீர்கள். ‘த பென்… ஷி ரோட் வித்.’ ‘வித்’ தானாகவே நிற்கிறது. ‘நான் வேலை பார்க்கும் ஆபீஸ்’, ‘நான் புத்தகம் கொடுத்த பையன்’, ‘நாம் பேசிக்கொண்டிருந்த விஷயம்’ ஆகிய மூன்றையும் இப்படிச் செய்து பாருங்கள். கடைசியில் முறையே ‘இன்’, ‘டு’, ‘அபவுட்’ நின்றால் சரியாகச் செய்திருக்கிறீர்கள்.

உருவுவது என்றால் முழுசாக உருவ வேண்டும். ‘த புக் விச் ஐ பாட் இட்’ என்று கடைசியில் ஒரு ‘இட்’டை விட்டுவைப்பது இன்னொரு வழக்கமான பிழை. புத்தகம் ஏற்கெனவே முன்னால் போய் உட்கார்ந்துவிட்டது, அதன் இடம் காலியாகவே இருக்கட்டும்.

கடிதம், பேனா, அறை இவற்றில் ‘விச்’ஷையே காணோமே என்று கேட்கலாம். உள்ளே வேறொருவர் எழுவாயாக இருந்தால் ‘விச்’, ‘தட்’ எல்லாவற்றையும் விட்டுவிடலாம், பேச்சில் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். ‘த வுமன் ஹூ ரோட்’ என்பதில் அந்தப் பெண்தான் எழுவாய். அங்கே ‘ஹூ’வை விட முடியாது.

அப்புறம் கமா. ‘மை பிரதர் ஹூ லிவ்ஸ் அப்ராட்’ என்று கமா இல்லாமல் எழுதினால், எனக்குப் பல சகோதரர்கள், அதில் வெளிநாட்டில் இருப்பவரைச் சொல்கிறேன் என்று பொருள். கமா போட்டால் ஒரே சகோதரர், அவர் வெளிநாட்டில் இருக்கிறார் என்பது கூடுதல் செய்தி. கமாவுக்குப் பின் ‘தட்’ வராது. எழுதத் தொடங்கிய பிறகு இதைக் கவனித்தால் போதும், முதல் வாரத்திலேயே மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

படி 3: கேள்வியை உள்ளே வைக்கும்போது நேராக்குங்கள்

இனி நவுன் கிளாஸ். ‘அவர் எங்கே இருக்கிறார்?’ என்பது கேள்வி. ‘அவர் எங்கே இருக்கிறார் என்று தெரியவில்லை’ என்பது செய்தி. தமிழில் கேள்வி அப்படியே உள்ளே போய் உட்கார்ந்துகொள்கிறது, ஒரு சொல்லும் இடம் மாறவில்லை. ஆங்கிலத்தில் மாறும். ‘வேர் இஸ் ஹி?’ என்பது உள்ளே போனதும் ‘ஐ டோண்ட் நோ வேர் ஹி இஸ்’ ஆகிவிடும்.

‘ஐ டோண்ட் நோ வேர் இஸ் ஹி’ என்று நான் பல வருடம் சொல்லியிருக்கிறேன். காரணம் பிறகுதான் புரிந்தது. ‘ஹி இஸ்’ஸைத் திருப்பி ‘இஸ் ஹி’ என்று கேள்வி கேட்கவே நமக்கு எத்தனை பயிற்சி தேவைப்பட்டது! கஷ்டப்பட்டுப் பழகிய அந்தத் திருப்பத்தை இங்கே கைவிட வேண்டியிருக்கிறது, நாக்கு லேசில் ஒப்புக்கொள்வதில்லை.

பழக்க ஒரே வழி, ஜோடியாகச் சொல்வது. கேள்வியைச் சொல்லுங்கள், உடனே ‘ஐ நோ’ அல்லது ‘ஐ டோண்ட் நோ’ போட்டு மறுபடி சொல்லுங்கள். ‘வாட் டிட் ஹி ஸே?’ பிறகு ‘ஐ நோ வாட் ஹி ஸெட்.’ ‘டிட்’ போய்விட்டது, இறந்தகாலம் ‘ஸெட்’டுக்குள் ஏறிக்கொண்டது. ‘வென் டஸ் த பஸ் லீவ்?’ பிறகு ‘ஐ டோண்ட் நோ வென் த பஸ் லீவ்ஸ்.’ ‘டஸ்’ போய், ‘லீவ்’ ‘லீவ்ஸ்’ ஆனது. ‘ஹூ கேம்?’ போன்றவற்றில் மட்டும் எதுவும் மாறாது, ‘ஐ நோ ஹூ கேம்’ என்றே நிற்கும். தினம் பத்து ஜோடி. பார்த்துப் படிக்காமல், நடந்துகொண்டே வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

ஆம், இல்லை என்று பதில் வரும் கேள்விகளுக்கு நம் ‘-ஆ என்று’ இருக்கிறது. ‘வருவாரா என்று தெரியவில்லை’ என்பது ‘ஐ டோண்ட் நோ வெதர் ஹி வில் கம்.’ இந்த இடத்தில் ‘இஃப்’ போட்டாலும் சரி. வாக்கியத்தின் தொடக்கத்தில் வந்தாலோ, ‘வெதர் டு கோ’ என்று ‘டு’ தொடர்ந்தாலோ, ‘அபவுட்’ போன்ற சொல்லுக்குப் பின் வந்தாலோ ‘வெதர்’ மட்டுமே.

இன்னொரு நுட்பம் உண்டு, இதை நிதானமாகப் பாருங்கள். ‘அவள் வாங்கியது எனக்குத் தெரியும்.’ இதற்கு இரண்டு பொருள். அவள் வாங்கிய பொருள் எது என்று தெரியும். அல்லது, அவள் வாங்கிவிட்டாள் என்ற சங்கதி தெரியும். தமிழில் ஒரே ‘வாங்கியது’. ஆங்கிலத்தில் முதலாவது ‘ஐ நோ வாட் ஷி பாட்’, இரண்டாவது ‘ஐ நோ தட் ஷி பாட் இட்’. எதைப் போடுவது என்று தடுமாறினால் தமிழிலேயே சோதித்துக்கொள்ளுங்கள். ‘வாங்கிய பொருள்’ என்று மாற்றினால் பொருந்துகிறதா? ‘வாட்’. ‘வாங்கிய விஷயம்’ என்றால் பொருந்துகிறதா? ‘தட்’. ‘அவர் சொன்னது உண்மை’, ‘அவர் போனது எனக்கு வருத்தம்’ இரண்டையும் சோதியுங்கள். முதலாவது ‘வாட் ஹி ஸெட் இஸ் ட்ரூ’. இரண்டாவதை ‘தட்’டில் தொடங்கலாம், ஆனால் பேச்சுக்குக் கனமாக இருக்கும். ‘இட் இஸ் சேட் தட் ஹி லெஃப்ட்’ என்று ‘இட்’டை முன்னால் நிறுத்திவிட்டால் இயல்பாக வரும்.

படி 4: ‘என்று’வை முதலில் ‘-ஆக’ ஆக்குங்கள்

அயற்கூற்று, அதாவது ரிப்போர்ட்டட் ஸ்பீச் என்றதும், இரண்டு பத்தியாக ‘இதை அதாக மாற்று’ என்று அச்சிட்ட அட்டவணைதான் பலருக்கு நினைவு வரும். அதிலிருந்து தொடங்க வேண்டாம் என்பது என் கருத்து. அட்டவணை தெரிந்தவர்களும் பேசும்போது சறுக்குகிறார்கள், ஏனென்றால் சறுக்கல் தமிழிலிருந்து வருகிறது.

நண்பர் ஒருவர் ‘நான் வருகிறேன்’ என்று சொன்னார். இதை அப்படியே கொண்டுபோய் ‘ஹி ஸெட் தட் ஐ ஆம் கமிங்’ என்றால், வருவது நீங்கள் என்று எதிரில் இருப்பவர் எடுத்துக்கொள்வார். ஆங்கிலத்தில் ‘தட்’ போட்ட பிறகு ‘ஐ’ என்றால் இப்போது பேசிக்கொண்டிருக்கும் ஆள்தான். தமிழ் ‘என்று’ அப்படி இல்லை. அவர் வாயில் வந்ததை அப்படியே தூக்கி வைத்துக்கொள்ளும்.

எனவே தமிழிலேயே ஒரு படி முன்னால் போங்கள். ‘தான் வருவதாகச் சொன்னார்.’ இப்போது ‘நான்’ போய்விட்டது. இந்த ‘-ஆக’ வடிவம்தான் ஆங்கில அயற்கூற்றுக்கு நெருங்கிய சொந்தம். காலத்தையும் இதிலேயே பிடித்துக்கொள்ளலாம்.

‘பிஸியாக இருப்பதாகச் சொன்னார்’ என்றால் ‘ஹி ஸெட் ஹி வாஸ் பிஸி.’
‘பிஸியாக இருந்ததாகச் சொன்னார்’ என்றால் ‘ஹி ஸெட் ஹி ஹேட் பீன் பிஸி.’
‘நாளைக்கு வருவதாகச் சொன்னார்’ என்றால் ‘ஹி ஸெட் ஹி வுட் கம் டுமாரோ.’

‘இருப்பதாக’வுக்கு ‘வாஸ்’ஸா என்று திகைக்க வேண்டாம். சொன்னது நேற்று என்பதால், உள்ளே இருக்கும் வினையும் ஒரு படி பின்னால் நகர்கிறது. ‘கேன்’ ‘குட்’ ஆகும், ‘வில்’ ‘வுட்’ ஆகும், ‘மே’ ‘மைட்’ ஆகும். ஏற்கெனவே ‘குட்’, ‘வுட்’, ‘மைட்’, ‘ஷுட்’ என்று இருப்பவை நகராது. சொன்ன விஷயம் இன்னும் உண்மையாகவே இருந்தால் நகர்த்தாமலும் விடலாம்: ‘ஷி ஸெட் ஷி லிவ்ஸ் நியர்பை.’

நாள், இடம் குறிக்கும் சொற்களை அட்டவணை பார்த்து மாற்றாதீர்கள், நீங்கள் எப்போது, எங்கே நின்று சொல்கிறீர்கள் என்று பார்த்து மாற்றுங்கள். திங்கட்கிழமை ஒருவர் ‘ஐ வில் கம் டுமாரோ’ என்கிறார். அன்று மாலையே நீங்கள் சொன்னால் ‘டுமாரோ’வாகவே இருக்கட்டும். செவ்வாய்க்கிழமை சொன்னால் ‘டுடே’. பத்து நாள் கழித்துச் சொன்னால்தான் ‘த நெக்ஸ்ட் டே’. அட்டவணை இந்தக் கடைசி நிலையை மட்டும்தான் காட்டுகிறது.

‘டோல்ட்’ வந்தால் யாரிடம் என்பது உடனே வர வேண்டும்: ‘ஹி டோல்ட் மீ’. ‘ஸெட்’ அப்படிக் கேட்காது. ‘ஹி டோல்ட் தட்’, ‘ஹி ஸெட் மீ’ இரண்டும் தவறு. கேள்வியை எடுத்துச் சொல்லும்போது ‘ஆஸ்க்ட்’. அங்கே 3ஆம் படியில் பழகியது அப்படியே உதவும்: ‘ஷி ஆஸ்க்ட் மீ வேர் ஐ வாஸ் கோயிங்.’ நம் ‘என்று கேட்டாள்’ இங்கே ஒரு ‘தட்’டை இழுத்துக்கொண்டு வரும், அதை உள்ளே வர விடாதீர்கள். ‘ஆஸ்க்ட் மீ தட் வேர்’ என்று ஆங்கிலத்தில் கிடையாது.

கட்டளைதான் மிகச் சுலபம். ‘உட்காரச் சொன்னார்’ என்கிறோமே, அதே அமைப்பு: ‘ஹி டோல்ட் மீ டு சிட்.’ ‘உட்கார வேண்டாம் என்றார்’ என்றால் ‘நாட் டு சிட்’. யோசனை சொன்னதைச் சொல்லும்போது மட்டும் கவனம். ‘சஜஸ்டட் டு கோ’ வராது, ‘சஜஸ்டட் கோயிங்’ என்று வரும்.

தினமும் என்ன செய்வது

கால் மணி நேரம் போதும், ஆனால் தினமும் வேண்டும். முதல் வாரம் ரிலேட்டிவ் கிளாஸ் மட்டும். இருக்கும் இடத்தில் கண்ணில் படும் ஐந்து பொருள்களை ‘எந்த?’ என்று கேட்டு அடையாளப்படுத்துங்கள். இரண்டாம் வாரம் கேள்வி ஜோடிகள். மூன்றாம் வாரம், அன்று பேசிய ஒரு போன் பேச்சை எடுத்துக்கொண்டு யார் என்ன சொன்னார், என்ன கேட்டார், என்ன செய்யச் சொன்னார் என்று ஐந்தாறு வாக்கியங்களில் சொல்லி போனில் பதிவு செய்யுங்கள். மறுநாள் காலையில் அதைக் கேட்டு, தடுக்கிய வாக்கியத்தை மட்டும் நோட்டில் எழுதுங்கள். எழுதும் முறைக்கு ஒரு யோசனை: இடப்பக்கம் நீங்கள் சொன்னது, வலப்பக்கம் திருத்தியது, நடுவில் எந்தத் தமிழ்ச் சொல் இழுத்தது என்று ஒரு வார்த்தை. நடுப்பத்தியில் ‘என்று’ எத்தனை முறை வருகிறது என்று பார்த்தாலே உங்கள் பயிற்சி எங்கே தேவை என்று தெரிந்துவிடும்.

நாலாவது வாரம் மூன்றையும் கலந்து முயலுங்கள். ஒன்றைச் சேர்ந்தே செய்வோம்.

‘நேற்று போன் செய்த பெண், தான் ஆர்டர் செய்திருந்த புத்தகம் வந்துவிட்டதா என்று கேட்டார்.’

விரலை ‘பெண்’ மேல் வையுங்கள். ‘த வுமன்’. எந்தப் பெண்? ‘ஹூ கால்ட் யெஸ்டர்டே’. திரும்பி வந்தால் வெளி வினை: ‘ஆஸ்க்ட்’. என்ன கேட்டார்? ‘வந்துவிட்டதா என்று’ இருப்பதால் ‘வெதர்’. எது வந்ததா என்று? ‘த புக்’. எந்தப் புத்தகம்? ‘ஷி ஹேட் ஆர்டர்ட்’. உள்ளே எழுவாய் புத்தகம் இல்லை, அவர்தான் என்பதால் ‘விச்’ தேவையில்லை. கடைசியாக, வந்துவிட்டதா என்பது ஒரு படி பின்னால் நகர்ந்து ‘ஹேட் அரைவ்ட்’.

‘த வுமன் ஹூ கால்ட் யெஸ்டர்டே ஆஸ்க்ட் வெதர் த புக் ஷி ஹேட் ஆர்டர்ட் ஹேட் அரைவ்ட்.’

வினைகளை எண்ணுங்கள்: கால்ட், ஆஸ்க்ட், ஹேட் ஆர்டர்ட், ஹேட் அரைவ்ட். நான்கு இருக்க வேண்டும், இருக்கின்றன. இப்போது பெண்ணுக்குப் பதில் ‘நேற்று நாம் சந்தித்த ஆசிரியர்’, ‘வந்துவிட்டதா’வுக்குப் பதில் ‘எப்போது வரும்’ என்று மாற்றி, நிறுத்தாமல் சொல்லிப் பாருங்கள்.